ஏழுமலை கட்டிய பொய் சொல்லாத பெட்டி

காலையில் கடையைத் திறந்து, டெஸ்ட் போர்டு சுவிட்சைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஏழுமலை அவர்களின் மகள் செல்வி பேசினாள். “ஆண்ட்டி, நைனா போயிட்டாரு” என்றாள். “எங்க போயிட்டாரு?” என்று கேட்டேன். அந்தப் பெண் அழுதாள். நான் நம்பவில்லை. அவர்கள் ஊரான தளவானூரிலிருந்து பால் கொண்டுவருபவருக்கு உடனே போன் போட்டேன். “ஆமாம்மா, தூக்கத்துலயே போயிட்டாரு” என்றார் அவர். அதையும் நம்பவில்லை. ஏழுமலையின் சொந்த நம்பருக்கே அடித்தேன். முழுதாக அடித்து ஓய்ந்தது. யார் கூப்பிட்டாலும் உடனே எடுத்து, “யாரு, எங்கேர்ந்து, இன்னா விஷயம்?” என்று போலீஸ்காரர் மாதிரி கேட்கிறவர் அவர். அப்போதுதான் டெஸ்ட் போர்டு சுவிட்சை அணைத்தேன்.

இதென்ன பொம்பளை, சாவுச் செய்தியைக்கூட விசாரித்துப் பார்க்கிறாளே என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். ஏழுமலை இருந்திருந்தால், “சரியாத்தான் செஞ்சீங்க அக்கா. பால்காரரு நேர்ல பாத்தாரான்னும் கேட்டிருக்கணும்” என்றுதான் சொல்லியிருப்பார்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏழுமலை அவர்கள் தொலைபேசி நிலையத்தில் டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிணறு வெட்டும் கூலிக் குடும்பத்திலிருந்து படித்து வந்தவர். மெலிந்த உடம்பு, எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை, பையில் ஒரு டெஸ்டர். இந்தச் செஞ்சி கடைத்தெருவில் எதையும் யாரையும் நம்பாத ஆள் நான் ஒருத்திதான் என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது. அதை உடைத்தவர் அவர்.

முதலில் அவரைப் பார்த்தது நான் கல்யாணமாகி வந்த புதிதில். என் கணவர் குணசேகரன் அப்போது கடைத்தெருவில், எங்கள் வீட்டுக்கு முன்னால் இப்போது என் எலக்ட்ரிகல் கடை இருக்கும் இதே இடத்தில், கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். சென்டர் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு மேஜை, ஒரு டிவி, தெரிந்தவர் ஒருவர் மூலம் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்த ஒரே ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர். தட்டெழுத்துப் பலகைக்குள்ளேயே முழுக் கம்ப்யூட்டரும் அடங்கிவிடும். டிவியில் மாட்டினால் எழுத்து தெரியும். அதற்குள் எதையும் சேமித்து வைக்க இடம் கிடையாது. அணைத்தால் எல்லாம் போச்சு. வேண்டியதை டேப் ரெக்கார்டரில் கேசட் போட்டுத்தான் பதிந்து வைக்க வேண்டும். திரும்ப வேண்டுமானால் அந்தக் கேசட்டை ஓட்ட வேண்டும். அது ‘கீ…’ என்று கத்தும், மாமியார் காதைப் பொத்திக்கொள்வார்.

அங்கே முதலில் வந்து சேர்ந்த மாணவர் ஏழுமலை. எல்லோரும் முதல் நாள், இதில் விளையாட்டு வருமா, படம் வருமா என்று கேட்பார்கள். இவர் கேட்டது, “கேசட்ல பதிஞ்சிடுச்சுன்னு எப்படி சார் தெரியும்?” என் கணவர் சிரித்துவிட்டு, “அதான் டேப் ஓடுச்சே ஏழுமலை” என்றார். “ஓடுச்சு சார். பதிஞ்சுதா?” என்றார் இவர். விடவில்லை. அன்றிலிருந்து இருவரும் உயிருக்கு உயிரானார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், மறைத்தால் அவர் பொறுக்கமாட்டார். என் மாமியார் அவருக்குத் தனி டம்ளரில் காபி கொடுத்தனுப்பினார். ஏழுமலை அதைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். என் கணவர் அந்த டம்ளரைப் பிடுங்கித் தாமே குடித்துவிட்டு, வேறு டம்ளரில் கொண்டுவரச் சொல்லிச் சத்தம் போட்டார். ஆனாலும் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஏழுமலை தண்ணீர்கூடக் குடித்ததில்லை. பல வருஷம் கழித்து ஒருநாள் நானே கேட்டேன், அதுதான் என் வீட்டுக்காரர் குடித்தாரே, இன்னும் என்ன என்று. “சார் குடிச்சாரு அக்கா. உங்க மாமியார் குடிக்கலியே” என்றார். சண்டைக்கு வந்த குரலில்லை. அளந்து பார்த்ததைச் சொல்கிற குரல். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

என் கணவர் அந்தக் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து கொண்டுவர ஆசைப்பட்டார். ஒவ்வோர் எழுத்தையும் சின்னச் சின்னப் புள்ளிகளாகக் கட்டத்துக்குள் அடைக்க வேண்டும். ‘ப’ சாதுவாக உட்கார்ந்தது. ‘ழு’ மட்டும் எந்தக் கட்டத்துக்கும் அடங்காமல் அவரைப் பாடாய்ப் படுத்தியது. ஏழுமலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “உன் பேரு சரியா வந்துட்டா மீதி எல்லாம் வந்த மாதிரிப்பா” என்பார். கடைசியில் வந்தது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். பாத்திரம் தேய்த்த ஈரக் கையோடு போய் நின்றேன். டிவியில் என் பேர், தமிழில். அழகாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்க ஓடிவிட்டேன். சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதன்பிறகு அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. போய்விட்டார்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அவர் கையால் செய்தது என்று இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அந்தக் கேசட் ஒன்றுதான். கேசட்டை பீரோவில் பட்டுப் புடவைக்கு நடுவே வைத்தேன். கம்ப்யூட்டரை அவருடைய வேட்டியில் சுற்றிப் பரணில் போட்டேன். சென்டரை எடுத்துவிட்டு பல்பு, ஒயர், சுவிட்ச் விற்க உட்கார்ந்தேன்.

பல்பு விற்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வாங்குகிறவர் கண் முன்னால் டெஸ்ட் போர்டில் மாட்டி எரியவைத்துக் காட்டித்தான் கொடுப்போம். எரிஞ்சுது பார், இனி என்னைக் கேட்காதே என்று அர்த்தம். ஏழுமலை மட்டும் நான் எரித்துக் காட்டிய பல்பைக் கழற்றித் தாமே மாட்டிப் பார்ப்பார். “நான் இப்பதான போட்டேன்?” என்று எரிந்து விழுவேன். “நீங்க போட்டு எரிஞ்சுது. நான் போட்டா எரியுதான்னு பாக்க வேணாமா?” என்பார். கடையில் நிற்பவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். நானும் பதிலுக்கு அவர் கொடுக்கும் நோட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பேன். இப்படியே எங்கள் உறவு வருஷக்கணக்கில் ஓடியது.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் கடைக்கு வந்து, “அக்கா, சாரோட கம்ப்யூட்டர் இருக்குதா?” என்று கேட்டார். எனக்குச் சுரீர் என்றது. எதற்கு என்றேன். கேசட் எல்லாம் காலம் போகப் போகக் கெட்டுவிடும், சாருடைய எழுத்தை வேறு இடத்துக்கு மாற்றியாக வேண்டும் என்றார். அந்தப் பழைய கம்ப்யூட்டருக்கு வெளியிலிருந்து மாட்டுகிற மாதிரி ஒரு ஹார்ட் டிஸ்க், அதாவது எழுதியதைப் பத்திரமாக வைக்கும் பெட்டி, தாமே செய்யப்போவதாகச் சொன்னார். “அது மாதிரி வெளிநாட்டுல ரெடிமேடா விக்கிறான். அந்த விலைக்கு ஒரு கறவ மாடு வாங்கிடலாம். நான் சல்லிசா செஞ்சிடுறேன்” என்றார்.

பீரோவைத் திறந்து கேசட்டைக் காட்டினேன். கையில் வாங்காமல் குனிந்து பார்த்தார். நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. உறைக்குள் பழுப்புத் தூள் உதிர்ந்திருந்தது. “இது ஒரு தடவ ஓடும். ரெண்டாவது தடவ ஓடுமான்னு எனக்கு சந்தேகம். சும்மா போட்டுப் பாத்துடாதீங்க” என்றார். கேசட்டைத் திரும்பப் புடவைக்கு நடுவே செருகினேன். கம்ப்யூட்டரைக் கொடுத்தேன், கேசட்டைக் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கம்ப்யூட்டரையும் பிடுங்கியிருப்பேன்.

அதன்பிறகு ஆள் தினுசு தினுசாக ஏதோ வாங்க வந்தார். சுவரில் பதிக்கும் பிளாஸ்டிக் சுவிட்ச் பெட்டி ஒன்று. பட்டையாக இருக்கும் ஒயர். செல்போன் சார்ஜர். அந்தச் சார்ஜரைக் கடையிலேயே மீட்டர் வைத்து அளந்துவிட்டு, “அஞ்சு வோல்ட்னு போட்டிருக்கான், அஞ்சா இல்ல” என்று திருப்பிக் கொடுத்தார். எப்போது முடியும் என்றால், “பாக்கலாம்” என்பார். எப்போது கேசட்டை ஓட்டலாம் என்றால், “இன்னும் பெட்டி மேல எனக்கு நம்பிக்க வரல” என்பார். மாதங்கள் போயின. பக்கத்துப் பாத்திரக்கடைக்காரர் சும்மா இருக்காமல், “அந்த மாதிரி பழைய மிஷினுக்கு வெளிநாட்டுல செம கிராக்கியாமே. செல்போன்ல பாத்தேன். உங்களுது இன்னும் உங்ககிட்டதான் இருக்குதா?” என்று கொளுத்திப் போட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே கிளம்பினேன். அது அமாவாசை என்று பஸ் ஸ்டாண்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது. வருகிற பஸ் எல்லாம் மலையனூர் கோயிலுக்கே போனது. ஒரு ஆட்டோ பிடித்துத் தளவானூரில் அவர் வீட்டு வாசலில் போய் இறங்கினேன். சொல்லாமல் போனேன். சொல்லிவிட்டுப் போனால் எடுத்து ஒளித்துவிடலாம் அல்லவா?

உள்ளே மேஜையில் என் கணவருடைய கம்ப்யூட்டர் வயிற்றைத் திறந்து கிடந்தது. மூடி ஒரு பக்கம், தட்டெழுத்துப் பலகை ஒரு பக்கம். பின்பக்கத்திலிருந்து பட்டை ஒயர் கிளம்பி, என் கடைச் சுவிட்ச் பெட்டிக்குள் நுழைந்திருந்தது. “அடப்பாவி, இத யாரக் கேட்டுத் தெறந்தீங்க?” என்று கத்திவிட்டேன். தெருவே எட்டிப் பார்த்தது. ஏழுமலை எழுந்து நின்றார். “உக்காருங்க அக்கா” என்றார். “உக்கார வரல. மிஷின மூடுங்க, எடுத்துட்டுப் போறேன். வேல தெரிஞ்சா செய்யணும். தெரியலன்னா சொல்லணும். இப்படி மாசக்கணக்கா இழுக்கறதுக்கு இன்னா அர்த்தம்? இன்னா மறைக்கிறீங்க?” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. செல்வியிடம் எனக்கு மோர் கொண்டுவரச் சொல்லிவிட்டு, அவர் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“எங்க நைனா கெணத்துக்கு வேட்டு வெக்கிற ஆளு அக்கா. நம்ம பக்கம் பூரா பாறதான, வேட்டு வெக்காம கெணறு வெட்ட முடியாது. கல்லுல குழி போட்டு மருந்து வெச்சு, ஒயர மேல கொண்டாந்து, பேட்டரில தொட்டா வெடிக்கும். தொடுறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தர் பேரயும் சொல்லி, ‘இருக்கியா?’ன்னு கொரல் குடுப்பாரு. அந்தந்த ஆளு, ‘இருக்கேன்’னு மேலேர்ந்து தன் வாயால சொல்லணும். அப்பதான் ஒயரு பேட்டரியத் தொடும். ஒரு நாளு எங்க சித்தப்பா பேரச் சொல்லிக் கேட்டாரு. பக்கத்துல இருந்த ஆளு, ‘அவனும் வந்துட்டான்’னு சொல்லிட்டான். சித்தப்பா கடப்பார எடுக்கத் திரும்பக் கீழ எறங்கியிருந்தாரு. பக்கக் குடைவுல நின்னதால மேலேர்ந்து தெரியல. நைனா தொட்டுட்டாரு.”

செல்வி மோரைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

“அதுக்கப்புறம் நைனா ஒயரத் தொடவேல்ல. ‘அடுத்தவன் சொன்ன பதில நம்பாதடா’ன்னு சாவற வரைக்கும் சொன்னாரு. இந்தப் பெட்டியும் அப்படித்தான் அக்கா. கம்ப்யூட்டர், ‘எழுதிட்டேன்’னு சொல்லுது. பெட்டிக்குள்ள இருக்கற மெமரி கார்டு, ‘வாங்கிட்டேன்’னு சொல்லுது. அது பக்கத்து ஆளு சொல்ற பதிலு. எழுதுனதே திரும்பி வந்து ‘இருக்கேன்’னு சொல்லணும். நான் அப்படித்தான் இதக் கட்டுறேன். கொஞ்சம் எழுதும், ஒடனே திருப்பிப் படிக்கும், எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாக்கும், அப்புறம்தான் அடுத்தது. மெதுவாதான் போவும். போவட்டும். சாரோட கேசட்டு ஒரே தடவதான் ஓடும்.”

நான் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. சந்தேகப்பட்டது தப்பென்று இன்றும் நினைக்கவில்லை. மோரைக் குடித்துவிட்டு, “சீக்கிரம் மூடி போடுங்க, தூசி போவப்போவுது” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த சண்டை என் கடையில் நடந்தது. அந்தப் பெட்டிக்கு வேண்டிய மெமரி கார்டை என்னிடம்தான் வாங்கியிருந்தார். ஒருநாள் நாலு பேர் நிற்கும்போது அதை மேஜைமேல் வைத்து, “அக்கா, இது பொய் சொல்லுது” என்றார். என் கடைச் சரக்கையா! எனக்கு உச்சி மண்டை சூடேறிவிட்டது. அவர் பொறுமையாக விளக்கினார். உறை மேல் போட்டிருக்கும் அளவில் கால் பங்குகூட அதற்குள் இடம் இல்லையாம். ஆனால் எவ்வளவு கொட்டினாலும் ‘வாங்கிட்டேன்’ என்று தலையாட்டுமாம். நிரப்பிவிட்டு முதலிலிருந்து திருப்பிப் படித்தபோது முன்னால் எழுதியது எல்லாம் அழிந்து கிடந்ததாம். “சாரு எழுத்து அதுல ஒரு கடுகு அளவுதான? அதுக்கு இது போதாதா?” என்று மடக்கினேன். “கடுகளவுல மட்டும் பொய் சொல்லாதுன்னு இன்னா கேரண்டி?” என்றார்.

பல்பை எரித்துக் காட்டி விற்கிற என்னால் கார்டை எதில் மாட்டிக் காட்ட முடியும்? அது எனக்குத் தோன்றவே இல்லை. அவர் போன பிறகு அந்தக் கார்டை எனக்கு விற்ற மொத்த வியாபாரியைப் போனில் பிடித்து நான் பேசிய பேச்சை இங்கே எழுதினால் அச்சடிக்கமாட்டார்கள். ஒரு வாரம் ஏழுமலையோடும் பேசவில்லை. அவர் வந்து நின்றால் பக்கத்தில் இருப்பவரிடம், “சாருக்கு இன்னா வேணும்னு கேளு” என்பேன். கோபம் வந்தால்தான் நான் அவரை சார் என்பது. அவர் சிரித்துக்கொண்டே வேறு ஒரு கார்டு வாங்கினார். அதை நிரப்பிப் படித்து, அழித்து, மறுபடி நிரப்பிப் படித்து, பிறகுதான் ஒரு மதியம் வந்து, “கேசட்ட எடுங்க அக்கா. எனக்கு நம்பிக்க வந்துடுச்சு” என்றார்.

அன்று என் வீட்டுக் கூடத்தில்தான் ஓட்டினோம். கரண்ட் மேல் நம்பிக்கை இல்லாமல் கடையிலிருந்து இன்வெர்ட்டரைத் தூக்கி வரச் செய்தார். டேப் ரெக்கார்டரின் தலையைப் பஞ்சால் துடைத்தார். கேசட்டைப் போட்டு, மூடியை இரண்டு முறை அமுக்கிப் பார்த்தார். நான் சாமி அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ‘கீ…’ என்று அந்தச் சத்தம் கிளம்பியது. எத்தனை வருஷமாயிற்று அதைக் கேட்டு! மாமியார் போல நானும் காதைப் பொத்திக்கொண்டேன், அழுகையை அடக்குவதற்காக. நடுவில் ஒருமுறை சத்தம் தேய்ந்து முனகியது. ஏழுமலை டேப் ரெக்கார்டர் மேல் குனிந்தார். பிறகு சரியாகி ஓடி முடிந்தது.

உடனே திரையைப் பார்க்கப் போனேன். “இருங்க” என்று கையைக் காட்டித் தடுத்தார். முதலில் பெட்டியில் எழுத வைத்தார். சின்னச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. பிறகு எல்லாவற்றையும் அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டார். “ஐயோ, ஏன் பிடுங்குனீங்க?” என்று அலறினேன். “இப்ப கம்ப்யூட்டருக்கு ஒன்னும் ஞாபகம் இருக்காது. வந்துச்சுன்னா பெட்டிலேர்ந்துதான் வரணும்” என்று சொல்லி மறுபடி மாட்டினார்.

டிவியில் ஒரு சொல் வந்தது. ‘இருக்கேன்.’

என் கணவர் புள்ளி புள்ளியாகச் செதுக்கிய எழுத்தில் வந்தது. பெட்டியிலிருப்பதை எடுத்து, ஒத்துப் பார்த்து, சரியாக இருந்தால் அந்த ஒரு சொல்லைக் காட்டும்படி ஏழுமலை அமைத்திருந்தார். தப்பாக இருந்தால் ஒன்றும் வராது. அதற்குக் கீழே என் பேரைத் தட்டிக் காட்டினார். ஈரக் கையோடு ஓடிப்போன அன்று பார்க்காமல் விட்டதை எல்லாம் உட்கார்ந்து பார்த்தேன். சத்தம் போட்டு அழுதேன். வெட்கப்படவில்லை.

கேசட்டைச் சுற்றி எடுத்து வைக்கப் போனபோது நாடா ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பட்டென்று அறுந்தது. ஏழுமலை அறுந்த முனையை எடுத்துப் பார்த்தார். அந்தப் பொய்க் கார்டை நம்பி அவசரப்பட்டிருந்தால் என்ற நினைப்பு எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் வந்திருக்க வேண்டும். “அக்கா” என்றார். “ஒரு காபி போடுங்களேன்.”

என் காதையே நான் நம்பவில்லை. போட்டேன். என் டம்ளரிலும் அவர் டம்ளரிலும் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தேன். நான் முதலில் குடிக்கும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். மனுஷனைத் திருத்தவே முடியாது. பிறகு குடித்தார். குடித்துவிட்டு, “சக்கர கம்மி” என்றார்.

அவரைக் கடைசியாகப் பார்க்கப் போனபோது இஸ்திரி போட்ட சட்டையில் படுக்கவைத்திருந்தார்கள். டெஸ்டரைப் பையில் செருகியிருந்தது செல்விதான். “ஏழுமலை” என்று கூப்பிட்டுப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் வாயால் பதில் வரவில்லை. அப்போது நம்பினேன்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுக் கம்ப்யூட்டரை டிவியில் மாட்டினேன். பெட்டியின் பட்டை ஒயரைச் செருகினேன். அவர் பேரைத் தட்டினேன். என் கணவரைப் பாடாய்ப் படுத்திய அந்த ‘ழு’ இப்போது சமத்தாக வந்து உட்கார்ந்தது. பெட்டியில் எழுதினேன். அணைத்தேன். அவர் செய்த மாதிரியே பிளக்கைப் பிடுங்கினேன். திரும்ப மாட்டிக் கேட்டேன்.

‘இருக்கேன்’ என்றது. கீழே ‘ஏழுமலை’ என்று வந்தது.

இந்தப் பெட்டி பொய் சொல்லாது. அதைக் கட்டியவர் அப்படிப் பார்த்துப் பார்த்துக் கட்டினார். என் வாழ்நாளில் இந்த ஒரு தடவை, இன்னொருவரைக் கேட்டுப் பார்க்காமல், வந்த பதிலை அப்படியே நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போயிட்டு வாங்க ஏழுமலை. காபிக்கு இந்தத் தடவை சர்க்கரை போட்டிருக்கிறேன்.